மூணாறு குளிர் பாத்தவனுக்கு வின்னிபெக் குளிர் ஒண்ணுமில்லையா?

செப்டம்பர் 21, 2025 (கேள்வி, செண்டுவாரைத் தம்பி)

எங்க ஊரு மூணாறுக்கு மேல செண்டுவாரை. ஜனவரில எஸ்டேட் லயத்து வீட்டு வாசல் புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும், ஜீரோ, மைனஸ் ஒண்ணெல்லாம் சின்ன வயசுலருந்து பாத்தது. ஜனவரி இன்டேக்ல கனடால இருக்கற வின்னிபெக்குக்குப் படிக்கப் போறேன். கீழ வெயில்ல வளந்தவங்கதான் குளிர் குளிர்னு பயமுறுத்துறாங்க, எங்களுக்கு அது ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கிறேன். ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் வீட்லயே இருக்கு. தனியா எதாவது வாங்கணுமா?

செப்டம்பர் 21, ராத்திரி

ஒண்ணுமே இல்லன்னு யாரு சொன்னா தம்பி? நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, சித்திரைல நாப்பது டிகிரி தாண்டற ஊரு. வின்னிபெக்ல படிச்சு, கொஞ்ச காலம் வேலையும் பாத்துட்டு, இப்ப ஊரோட வந்தாச்சு. அங்க என்கூட ஒரே வீட்ல இருந்தவ உங்க பக்கம்தான், லட்சுமி எஸ்டேட்டு. நீங்க பேசற பேச்சுத்தான் அவளும் பேசுனா, "பாலக்காட்டு வெயில்ல காஞ்சவ நீ, உன்னைத்தான் பாத்துக்கணும்"னு. டிசம்பர்ல மொதல்ல நடுங்கிக் காய்ச்சல்ல படுத்தது அவ.

ஏன்னு யோசிச்சுப் பாத்தா காரணம் எளிசு. உங்க ஊர்ல வீட்டுக்குள்ளயும் வெளியவும் ஒரே குளிர். விடியக்காலைல போர்த்திட்டு அடுப்புகிட்ட உக்காந்து தாங்கிட்டா பத்து மணிக்கு வெயில் ஏறிடும், மத்தியானம் ஸ்வெட்டரே வேண்டாம். அங்க அப்படி இல்ல. வீட்டுக்குள்ள 21 டிகிரி, பனியனோட திரியலாம். வெளிய மைனஸ் 25. நடுவுல ஒரு கதவு, அவ்வளவுதான். அந்த 46 டிகிரி வித்தியாசத்த வீடு, பஸ்சு, கிளாசு, கடைன்னு ஒரு நாள்ல எத்தனையோ தடவை தாண்டணும். தாங்கற பழக்கம் அங்க பெருசா உதவாது, கதவுகிட்ட மாத்தற பழக்கம்தான் வேணும். அவ என்ன பண்ணுனா, வீட்லருந்து கொண்டுபோன கம்பளி ஸ்வெட்டர் ரெண்டு, மேல சால்வை, அதுக்கு மேல கோட்டு. பஸ்ஸுக்குள்ள ஹீட்டர் ஓடுது, நாலு பேரு முன்னாடி கழட்ட கூச்சம், உள்ள வேர்த்துக் கொட்டி பனியன் நனஞ்சுருச்சு. எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்னா அந்த ஈரம் ஒடம்பு சூட்டையெல்லாம் உருவிடும்.

வெயில் ஊர்க்காரி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதால சீனியர்ங்க சொன்னத அப்படியே கேட்டேன், அதுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 22

என்ன வாங்கணும்னு கேட்டதுக்கு நேத்து பதிலே சொல்லல. பட்டியல் போட எனக்கு வராது, சொல்லிட்டே போறேன்.

ஒடம்போட ஒட்டிக் கிடக்கற துணி காட்டனா இருக்கக்கூடாது. திருப்பூர்க்காரங்க சண்டைக்கு வராதீங்க, வெயிலுக்கு காட்டன அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது, ஆனா வேர்வையக் குடிச்சா காயாது, அங்க அதுதான் வெனை. தெர்மல்னு எழுதிருக்கறத நம்பாம உள்ள இருக்கற லேபிளப் படிங்க, பாலியெஸ்டர் இல்லைன்னா கம்பளி நூல் கலந்தது, ரெண்டு செட்டு போதும், இங்கயே எடுத்துக்கலாம். அதுக்கு மேல ஃப்ளீஸ்னு மெத்துமெத்துன்னு ஒரு மேல்சட்டை, முன்னாடி முழுசா ஜிப் வெச்சது. ஜிப் ஏன்னா பஸ்ஸுல ஏறுனதும் சர்ருனு தெறந்து விடலாம், தலை வழியா கழட்டற வேலை இல்ல. உங்க வீட்டுக் கம்பளி ஸ்வெட்டரையும் எடுத்துக்கங்க, கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூடு நிக்கும், ஆனா ஒண்ணு போதும்.

வெளிக்கோட்டு இங்க வாங்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். கோயமுத்தூர்லயும் பெங்களூர்லயும் "மைனஸ் 20 தாங்கும்"னு அட்டை தொங்கவிட்டு விக்கறாங்க, அதப் போட்டுட்டு பிளேன்ல எறங்கி வந்தவங்கள நான் பாத்துருக்கேன். அங்க த்ரிஃப்ட் ஸ்டோர்னு பழைய துணிக் கடைங்க இருக்கு, தொடை வரைக்கும் எறங்கற பார்க்காங்கற தடிக் கோட்டு, காத்துல பறக்காத தொப்பி வெச்சது, நல்லதாவே கிடைக்கும். எனக்கு அங்கதான் கிடைச்சுது, கடைசி வரைக்கும் அதான்.

ஆனா நீங்க ஜனவரில எறங்கறீங்க, அதுதான் சிக்கல். செப்டம்பர்ல போறவங்களுக்கு ரெண்டு மாசம் டைம் இருக்கு, உங்களுக்கு ஏர்போர்ட் கதவு தெறந்ததுமே பரீட்சை. யாராவது சீனியர்கிட்ட பழைய கோட்டு ஒண்ணு ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. வழியில்லைன்னா இருக்கறத எல்லாம் மேல மேல போட்டுக்கற மாதிரி கைப்பைல வெச்சுக்கங்க. பெரிய பெட்டில போட்டு, அது நடுவுல வேற ஊர்லயே நின்னுட்டா நீங்க சட்டையோட நிப்பீங்க.

பூட்ஸ் பத்தி ஒரே வார்த்தை, தொளதொளன்னு இருக்கணும். ரெண்டு சாக்ஸ் மாட்டி இறுக்கிக் கட்டுனா ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலைன்னா எந்த பூட்ஸும் காப்பாத்தாது. தடியா ஒரே கம்பளி சாக்ஸ்.

செப்டம்பர் 24

கீழ கமெண்ட்ல ஒரு நர்ஸ் அக்கா எழுதிருக்காங்க, நனஞ்சா காய்ச்சல் வராது, வைரஸ்தான் காரணம், குளிர்காலத்துல எல்லாரும் கதவ சாத்திட்டு ஒரே அறைல மூச்சு விடறதால பரவுதுன்னு. சரிதாங்க்கா. லட்சுமி எஸ்டேட்டுக்காரிக்கு வந்த நடுக்கம் ஈரத்தால, காய்ச்சல் வைரஸால, ரெண்டும் ஒண்ணா வந்ததால எங்களுக்கு ஒண்ணாத் தெரிஞ்சுது. அக்டோபர் நவம்பர்ல அங்க ஃப்ளூ ஊசி போடுவாங்க, தம்பி ஜனவரில போனாலும் கேட்டுப் போட்டுக்கலாம்.

கையுறை: விரல் விரலா பிரிஞ்சது அழகா இருக்கும், சூடு நிக்காது. நாலு விரலும் ஒண்ணா இருக்கற மிட்டன்தான் சூடு. உள்ள மெல்லிசா ஒரு கையுறை, மேல மிட்டன். போன் எடுக்க மேல உள்ளத மட்டும் கழட்டலாம்.

அக்டோபர் 5

வேலந்தாவளத்துலருந்து ஒரு அம்மா கேக்கறாங்க, மக போறா, தெனம் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் வெளிய போவா, மூக்குத்தி கழட்ட மாட்டா, என்ன பண்றதுன்னு.

அம்மா, தலைய ராத்திரி குளிக்கச் சொல்லுங்க. ஈர முடியோட வெளிய போனா பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள முடி விறைச்சு நிக்கும், தொட்டா சலசலன்னு சத்தம் கேக்கும். செத்துப் போக மாட்டா, ஆனா தலை வலிக்கலாம். வீட்டுக்குள்ள காத்து அவ்வளவு வறண்டு கிடக்கறதால ராத்திரி குளிச்ச தலை காலைக்குள்ள எலும்பா காஞ்சுரும், அது ஒரு வசதி.

மூக்குத்தி உலோகம், குளிர வாங்கித் தோலுக்குக் கடத்தும். கழட்ட வேண்டியதில்ல, மூக்க மூடணும். கழுத்துக்கு நெக் வார்மர்னு ஒண்ணு விக்கும், துணிக் குழாய், அத மூக்குக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டா போதும். ஜிமிக்கி மட்டும் வெளிய போறப்ப வேண்டாம், தொங்கறது எல்லாம் காதச் சில்லிட வெச்சுரும். கண்ணாடி போடற புள்ளையா இருந்தா, மூக்க மூடிட்டு மூச்சு விட்டா கண்ணாடி பூரா ஆவி, அப்படியே உறைஞ்சுரும். அதுக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வழி தெரியாது. கண்ணாடியக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு குத்துமதிப்பா நடந்திருக்கேன்.

அக்டோபர் 18

"மைனஸ் 40ஐ ஃபாரன்ஹீட்ல எவ்வளவுன்னு சொல்லுங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். மைனஸ் 40தான். ரெண்டு அளவும் அந்த ஒரு எடத்துல சேந்துக்கும். அந்த ஊர்ல அது பொது அறிவுக் கேள்வி இல்ல, காலைல போன்ல பாக்கற நம்பர்.

போன்ல ரெண்டு நம்பர் வரும் பாருங்க, ஒண்ணு வெப்பநிலை, இன்னொண்ணு காத்தச் சேத்த விண்ட் சில். இப்ப அவங்க போடற கணக்கு 2001ல கனடாவும் அமெரிக்காவும் சேந்து கொண்டுவந்தது. தொறந்து கிடக்கற தோல் எவ்வளவு வேகமா சூட்ட இழக்கும்ங்கறதுதான் அது. அதனால விண்ட் சில் மைனஸ் 40ன்னா உங்க தண்ணி பாட்டில் மைனஸ் 40க்குப் போகாது, காத்து மைனஸ் 28ன்னா பாட்டிலும் மைனஸ் 28லயே நிக்கும். ஒடம்புக்குத்தான் அந்தக் கணக்கு. விண்ட் சில் மைனஸ் 28லருந்து 39 வரைக்கும்னா மூடாத தோல் பத்துலருந்து முப்பது நிமிசத்துல உறையலாம், மைனஸ் 40லருந்து 47ன்னா அஞ்சுலருந்து பத்து நிமிசம். பஸ்ஸு லேட்டானா அந்த பத்து நிமிசம் எங்க போச்சுன்னே தெரியாது. சில ஸ்டாப்புல ஹீட்டர் வெச்ச கூண்டு இருக்கும், எந்தெந்த ஸ்டாப்புன்னு முன்கூட்டியே பாத்து வெச்சுக்கங்க.

நகர் நடுவுல போர்ட்டேஜ், மெயின்னு ரெண்டு ரோடு சேர்ற மூலை இருக்கு, காத்துக்குப் பேர் போன எடம். 1979லருந்து அங்க நடந்து ரோட்டக் கடக்கவே விடல, பூமிக்கடியில எறங்கித்தான் போகணும். 2025 ஜூன்ல திரும்பத் தொறந்துட்டாங்க. குளிருக்காக மூடல, வண்டி நெரிசல், கட்டடச் சொந்தக்காரங்க ஒப்பந்தம்னு கதை வேற, ஆனா ஜனவரில அந்த மூலைல நின்னவங்க யாரும் கீழ எறங்கிப் போறதுக்கு வருத்தப்பட்டிருக்க மாட்டாங்க. மானிட்டோபா யுனிவர்சிட்டிலயும் கட்டடத்துக்குக் கட்டடம் சுரங்கப்பாதை இருக்கு. மொத வாரத்துல அந்த வழியெல்லாம் சும்மா நடந்து பழகிக்கங்க, வழி தெரியாம வெளிய வந்து சுத்தறதுலதான் காது போகும்.

யுனிவர்சிட்டில லாக்கர் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கங்க. கோட்டையும் பூட்ஸையும் அதுல வெச்சுட்டு சாதா செருப்போட திரியலாம். நான் கதவு கதவுன்னு சொன்னது இதத்தான்.

நவம்பர் 2

இன்னிக்கு ஞாயிறு, அங்க கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளிருப்பாங்க. நவம்பர் மொத ஞாயிறு எப்பவும் இப்படித்தான். நேத்து வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாஞ்ச பொழுது இன்னிக்கு அஞ்சுக்குச் சாயும்.

குளிரப் பத்தியே எழுதிட்டிருக்கேன், என்னைப் படுக்க வெச்சது குளிர் இல்ல, இதுதான். நம்ம ஊர்ல மார்கழிலயே ஆறு மணிக்குத்தான் பொழுது சாயும், வருசத்துலயே குட்டி நாள்கூட பதினொண்ணரை மணி நேரம் வெளிச்சம். வின்னிபெக்ல டிசம்பர் 21 வாக்குல எட்டு மணி நேரம்தான், காலைல எட்டே காலுக்கு மேல விடிஞ்சு சாயங்காலம் நாலரைக்கு முடிஞ்சுரும். மத்தியானக் கிளாஸ் விட்டு வெளிய வந்தா ராத்திரி. அம்மா இங்க ராத்திரி ஒம்பதுக்குக் கூப்பிட்டா அங்க காலை ஒம்பதரை, மொதக் கேள்வி "சாப்பிட்டியா", ரெண்டாவது "வெயில் வந்துச்சா". வந்துச்சும்மான்னு படுக்கைல கிடந்தே சொல்லிருக்கேன்.

சோம்பேறித்தனம்னுதான் நெனச்சேன். சாயங்காலம் ஆனா சோறு சோறுன்னு தோணும், எவ்வளவு தூங்குனாலும் போதாது, யாரையும் பாக்கப் பிடிக்காது. கேம்பஸ் டாக்டரம்மாதான் சொன்னாங்க, இதுக்குப் பேரே இருக்கு, பருவகால மனச்சோர்வுன்னு. 1984ல இத மொதல்ல விவரிச்சு எழுதுனவர் நார்மன் ரோசன்தால், அவரே தென்னாப்பிரிக்கால ஜோகன்னஸ்பர்க்லருந்து அமெரிக்கா வந்து, வடக்குக் குளிர்காலத்துல தனக்கு சுறுசுறுப்பு கொறையறதக் கவனிச்சவர். கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, வெயில் ஊர்லருந்து வந்த நான் மட்டும் கோளாறு இல்லைன்னு.

பண்ணுனது ரெண்டு. காலைல எந்திரிச்சதும் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் தர்ற விளக்குக்கு முன்னாடி அரை மணி நேரம், காபி குடிச்சுட்டே. கூடவே வைட்டமின் டி, அந்த ஊர்க் குளிர்காலத்துல வெயில் அவ்வளவு சாய்வா விழறதால தோலு அத உண்டாக்காது, வெயில்ல நின்னாலும் பிரயோசனம் இல்ல. எவ்வளவுன்னு டாக்டர்கிட்டக் கேட்டு எடுங்க. ரொம்ப முடியலைன்னா விளக்க நம்பி உக்காராம ஆள்கிட்டப் பேசுங்க, யுனிவர்சிட்டில கவுன்சலர் இருப்பாங்க, ஊருக்குத் தெரிஞ்சுரும்ங்கற பயமெல்லாம் வேண்டாம்.

மேல கதவுதான் விஷயம்னு அடிச்சுச் சொன்னேன். இருட்டு அந்தக் கணக்குல வராது, இது தனி.

நவம்பர் 3

நேத்து எழுதுனதப் படிச்சுட்டு எங்க அண்ணன் "ஏன் புள்ளைங்கள பயமுறுத்தற"ங்கறான். இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். அங்க குளிர்காலம் பூரா மூடாக்கு போட்டுட்டு அழுதுட்டு இருக்கற ஊரு இல்ல. கடும் குளிர் நாள்தான் வானம் துடைச்சு விட்டாப்ல நீலமா, வெயில் கண்ணக் கூசும், கீழ பனி வெள்ளைல பட்டு மேல வரும். கூலிங்கிளாஸ் பந்தாவுக்கு இல்ல, தேவை.

நவம்பர் 23

சமையல் கேள்விங்க குமிஞ்சு போச்சு, ஒண்ணாச் சொல்றேன்.

மாவு பொங்காது. கிச்சன் மேடைல வெச்சா ரெண்டு நாளானாலும் அரைச்சது அரைச்சாப்லயே கிடக்கும். ஓவனப் பத்த வைக்காம உள்ள இருக்கற லைட்ட மட்டும் போட்டு மாவுச் சட்டிய வெச்சு மூடுங்க, அந்த பல்பு சூடே போதும், காலைல பொங்கி வழியும். அடில ஒரு தட்டு வைங்க. அப்பறம் ஓவன் கதவுல "உள்ள மாவு இருக்கு"ன்னு காகிதம் ஒட்டுங்க, கூட இருக்கறவங்க பீட்சாவுக்காக ஓவனச் சூடு பண்ணிருவாங்க, எங்க வீட்ல ஒரு பிளாஸ்டிக் டப்பா உருகுன வாசம் ரொம்ப நாள் போகல.

தேங்காண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனாக் கெட்டியாயிரும், அதனால குளிர்காலம் பூரா கட்டிதான். வாய் அகலமான டப்பால வைங்க, ஸ்பூன்ல சொரண்டலாம். மலையாளிங்க நெறைய இருக்கற ஊரு, ஃப்ரோசன் மத்தி, கப்பை (மரவள்ளி), துருவுன தேங்கா எல்லாம் கிடைக்கும், பாலக்காட்டு மட்டை அரிசிக்குக்கூட கஷ்டம் இல்ல. கறிவேப்பிலை கிடைக்கறப்ப வாங்கி ஃப்ரீசர்ல போட்டுருங்க.

தாளிக்கறதுதான் தகராறு. வரமொளகா கருகுனா ஸ்மோக் அலாரம் கத்தும், மைனஸ் 25ல ஜன்னலத் தெறக்க முடியாது, தெறந்தா திரும்ப மூட வராது, ஓரத்துல ஐஸ் பிடிச்சுக்கும். எண்ணெய கொதிக்க விடாதீங்க, எக்ஸாஸ்ட் ஃபேன மொதல்லயே போட்டுருங்க, மொளகாயக் கடைசில போடுங்க. அலாரத்துல பேட்டரியக் கழட்டற வேலை மட்டும் வேண்டாம், அது உசுரு சம்பந்தப்பட்டது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க: பார்க்காவக் கிச்சன் பக்கம் தொங்கவிடாதீங்க. மத்தி பொரிச்ச வாசத்த உறிஞ்சி வெச்சுக்கும், தெனம் துவைக்கற துணியும் இல்ல, நமக்கு மூக்கு பழகிரும், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்களுக்குப் பழகாது. அலமாரிக்குள்ள வெச்சு சாத்திருங்க.

நவம்பர் 24

பேட்டரி கழட்டுனா என்னாகும்னு கேட்டவருக்கு: கழட்டாதீங்க.

டிசம்பர் 20

மார்கழி பொறந்துருச்சு, இங்க காத்து ஆரம்பிச்சாச்சு. வாளையார்ப் பக்கம் மலை விட்டுக் கொடுத்த இடைவெளில கெழக்கத்திக் காத்து விசுவிசுன்னு வரும், மலையாளத்துல தனுமாசக் காத்து, திருவாதிரைக் காத்துங்கறாங்க. பனை ஓலை ராத்திரி பூரா சடசடன்னு கிடக்கு. ஒதடு வெடிச்சு, குதிகால் வெடிச்சு, அம்மா தேங்காண்ணெயத் தடவிட்டு இருக்காங்க. அதப் பாத்துட்டு இருக்கறப்பத்தான் தோணுச்சு, வெயில் ஊர்க்காரி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு செப்டம்பர்ல எழுதுனது முழுசாச் சரியில்ல. குளிர் தெரியாதே தவிர வறட்சி எங்களுக்குத் தெரியும். சாரலும் மூடுபனியுமா இருக்கற மூணாறுக்காரங்களுக்கு அதுதான் புதுசு.

கணக்கு இப்படி. மைனஸ் 25ல காத்து ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் தண்ணிகூடத் தாங்காது. 21 டிகிரில 18 கிராம் தாங்கும். வெளிக்காத்து உள்ள வந்து சூடானதும் தண்ணிக்குப் பறக்குது, உங்க தோல், மூக்கு, தொண்டை எல்லாத்துலருந்தும் எடுத்துக்கும். காலைல எந்திரிச்சா மூக்குல ரத்தப் பொருக்கு. இருமல் இல்லாமயே தொண்டை கரகரக்கும். கம்பளத்துல நடந்து போய்க் கதவுக் கைப்பிடியத் தொட்டா சுளீர்னு ஷாக்கு, பூனையத் தடவுனா அதுக்கும் நமக்கும் சேத்து.

எங்க வீட்ல பண்றதத்தான் அங்கயும் பண்ணுனேன், குளிச்ச ஈரம் போறதுக்குள்ள எண்ணெய், மூக்கு ஓட்டைக்குள்ள வேஸ்லின் துளி. லட்சுமி எஸ்டேட்டுக்காரி மொதல்ல சிரிச்சா, ஜனவரில என் டப்பாவக் கேட்டு வாங்குனா. ஈரப்பதம் தர்ற மெஷின் வாங்கலாம், ஆனா ரொம்ப ஓட்டாதீங்க, ஜன்னல் உள்பக்கம் தண்ணி கட்டி ஐஸாகி, அப்பறம் மரச்சட்டம் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்காரர் டெபாசிட்டுல கை வைப்பார். துவைச்ச துணிய ரூமுக்குள்ள காயப்போடறது செலவில்லாத வழி.

டிசம்பர் 29

தம்பிக்கு அடுத்த வாரம் ஃபிளைட்டாம். அவசரத்துக்கு நாலு விஷயம்.

குப்பை போடப் போறப்பக்கூட கோட்டு, பூட்ஸ், சாவி. சிரிக்காதீங்க. கட்டடக் கதவு தானாப் பூட்டிக்கும். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ராத்திரி அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்புமா குப்பையத் தூக்கிட்டு எறங்கி மாட்டிக்கிட்டான், போன் மேல. யாரோ வேலை முடிஞ்சு வந்தவங்க தொறந்து விட்டாங்க. அந்நேரம் யாரும் வரலைன்னா எந்த வீட்டுக் கதவா இருந்தாலும் தட்டணும், வெக்கம் பாக்கக்கூடாது.

காது நுனி, மூக்கு, விரல் மொதல்ல குத்தும், அப்பறம் மரத்துப் போகும். குத்து நின்னுருச்சு, பழகிருச்சுன்னு நெனச்சா அதுதான் ஆபத்து. தோல் வெளுத்து, மெழுகாட்டம் ஆச்சுன்னா உடனே உள்ள போங்க. தேய்க்கக்கூடாது, பனிய வெச்சுத் தேய்க்கறது அதவிட மோசம். ஹீட்டர்கிட்டயும் காட்டாதீங்க, உணர்ச்சி இல்லாததால வெந்தாலும் தெரியாது. குழந்தையக் குளிப்பாட்டற சூட்டுல தண்ணி, 37லருந்து 39 டிகிரி, அதுல முக்கி வைங்க. திரும்ப நெறம் வரலைன்னா, கொப்புளம் கட்டுனா ஆஸ்பத்திரி.

நடை: சின்னச் சின்னதா எட்டு வெச்சு, பாதம் முழுசாப் பதிய. பாக்கெட்ல கை விட்டுட்டு நடக்காதீங்க, விழுந்தா ஊன கை வேணும். உப்பு போட்டிருப்பாங்கன்னு நம்பாதீங்க, மைனஸ் 10க்குக் கீழ சாதா உப்பு சரியா வேலை செய்யாது, மணல்தான் தூவுவாங்க, அதுவும் எல்லா எடத்துலயும் இருக்காது.

நாலுன்னு சொல்லிட்டு மூணோட நிக்குது. நாலாவது, எறங்குனதும் வீட்டுக்குப் போன் பண்ணிருங்க.

ஜனவரி 12, 2026

தம்பி போய்ச் சேந்துட்டார், கீழ எழுதிருக்கார். சீனியர் ஒருத்தர் கோட்டு கொண்டு வந்தாராம், நல்லதாப் போச்சு. "மூக்கு முடியெல்லாம் உறைஞ்சு முள்ளாக் குத்துது, இது செண்டுவாரைல நடக்கல"ன்னு ஒத்துக்கிட்டார், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

அவரோட கேள்விங்க. வெயில் இவ்வளவு அடிக்கறப்ப ஏன் குளிர் ஜாஸ்தி? மேகம் போர்வையா இருந்து தரைச் சூட்ட நிறுத்தும், வானம் தெளிஞ்சா ராத்திரி சூடெல்லாம் மேல போயிரும். சாஞ்சு விழற எட்டு மணி நேர வெயில் அத ஈடு கட்டாது. மேகம் வந்துச்சுன்னா சந்தோசப்படுங்க, பனி விழற நாள் பெரும்பாலும் குளிர் கொறைஞ்ச நாள்.

சூரியனுக்கு ரெண்டு பக்கமும் குட்டிச் சூரியன் தெரிஞ்சுதாம், கண்ணுல கோளாறான்னு கேக்கறார். இல்லீங்க, காத்துல மெதக்கற ஐஸ் துணுக்குல வெளிச்சம் வளையறது, சன் டாக்னு பேரு, சூரியன்லருந்து 22 டிகிரி தள்ளி நிக்கும். கொடுத்து வெச்சவர், நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் பாத்தேன்.

போன் 40 சதவீதத்துல பொட்டுனு அணைஞ்சுருச்சாம். குளிர்ல பேட்டரி அப்படித்தான், உள்பாக்கெட்டுல ஒடம்போட வைங்க, உள்ள வந்தா உசுரு வந்துரும். பஸ் டிக்கெட், வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் போன்லயே வெச்சுருக்காதீங்க.

நடந்தா பனி கிறீச் கிறீச்னு சத்தம் போடுதாம். குளிர் ஏற ஏற அது ரவை மாதிரி உதிரியாகிக் கத்தும். கொஞ்ச நாள்ல சத்தத்த வெச்சே எத்தனை டிகிரின்னு சொல்லுவீங்க. பார்க்கிங்ல கார் மூக்குலருந்து ஒயர் தொங்கறதப் பாத்து எல்லாம் எலெக்ட்ரிக் காரான்னு கேட்டது நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்ஜின் உறையாம இருக்க ராத்திரி சொருகி வைக்கற ஹீட்டர் அது.

பிப்ரவரி 8

தம்பி தனியா எழுதுனார், எல்லாம் பழகிருச்சு, ஆனா கிளாசு, வீடு, கிளாசு, வீடுன்னு இருக்குன்னு. பிப்ரவரி அப்படித்தான், குளிர் பழகுன பொறகுதான் சலிப்பு வரும்.

வெளிய போங்க. ஃபோர்க்ஸ்னு ஒரு எடம், ரெட், அசினிபோயின்னு ரெண்டு ஆறும் கூடற எடம். ஆறு உறைஞ்சதும் அதுமேலயே பாதை போடுவாங்க, ஸ்கேட் தெரிஞ்சவங்க ஸ்கேட்ல, தெரியாதவங்க நடந்து. அமராவதி ஆத்துல தண்ணி இல்லாம நடந்துருக்கேன், தண்ணி இருக்கறப்பவே ஆத்துமேல நடந்தது அங்கதான். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும், விழுந்து எந்திரிக்கறப்ப சின்னப் புள்ளைங்க சுத்திப் போகும், கண்டுக்காதீங்க. இந்த மாசம் செயின்ட் போனிஃபஸ் பக்கம் வாயேஜர் திருவிழா, பனில செதுக்குன சிலை, மேப்பிள் பாகக் காய்ச்சிப் பனிமேல ஊத்திக் குச்சில சுத்தித் தர்றது. அது பல்லுல ஒட்டும், ஆனா ரெண்டு வாங்குவீங்க.

எனக்கு உதவுனது ஒரு ஏற்பாடு. பக்கத்து வீட்டு கோட்டயம் சேச்சி தெனம் சாயங்காலம் நடக்கப் போவாங்க, மைனஸ் 30ன்னாலும். நானும் போறேன்னு சொல்லிட்டேன், சொன்னதால போக வேண்டியதாப் போச்சு. பேச்செல்லாம் சாதாரணம், மீன் விலை, விசா, மருமகன். தனியாப் போகணும்னா ஒரு நாளும் கதவத் தெறந்திருக்க மாட்டேன்.

மார்ச் 22

மார்ச்சப் பத்தி யாரும் எச்சரிக்க மாட்டாங்க, அதனால நான் பண்றேன். உருகறதும் உறையறதும் மாறி மாறி நடக்கும். பகல்ல கணுக்கால் ஆழத்துக்கு சேறும் ஐஸுமாத் தண்ணி, ராத்திரி அது கண்ணாடி. ஜனவரில நல்லா இருந்த துணி பூட்ஸ் இப்ப நனஞ்சுரும், ரப்பர் அடி வெச்சது வேணும். வெயிலப் பாத்ததும் கோட்டத் தூக்கிப் போட்டவங்க எல்லாம் மறுநாள் தேடுவாங்க, ஏப்ரல்லயும் பனி விழும். குளிர்காலத் துணியெல்லாம் இப்ப தள்ளுபடில போகும், அடுத்த வருசத்துக்கு நல்ல மிட்டன், பூட்ஸ் இப்பவே எடுத்து வைங்க தம்பி.

குப்பத்துலருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க, செப்டம்பர்ல போறேன், எது மொதல்ல வாங்கணும்னு. பூட்ஸ். அக்டோபர் கடைசிக்குள்ள வாங்கிருங்க, மொதப் பனி விழுந்த வாரம் கடைல உங்க சைஸ் இருக்காது. அரை சைஸ் பெருசா எடுங்க, தடி சாக்ஸ மாட்டிட்டே போட்டுப் பாருங்க. பழைய துணிக் கடைல கோட்டு வாங்குனா ஜிப்ப மேலயும் கீழயும் நாலு தடவை இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க, அங்க ஜிப் மாத்தற கூலில பாதி கோட்டு வாங்கிரலாம்.